கேள்வி-பதில்: பழைய கார் காட்சிக்கா, சாலைக்கா?

கேள்வி: 1960-களில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முழுவதும் பிரித்துச் சீர் செய்யப் போகிறேன். பழைய கார்களை நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடும் காட்சிப் போட்டியிலும் நிறுத்த வேண்டும், விடுமுறை நாட்களில் ஓட்டவும் வேண்டும். ஒரே வண்டியில் இரண்டும் நடக்குமா?

பதில்: எந்த வகுப்பில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உச்ச வகுப்பில் நடக்காது. ஒரே ஒரு நீண்ட பயணம் போய்வந்தாலே முன்பக்க அடித்தகட்டில் கல் தெறித்த பொட்டு, வீல் ஆர்ச்சுக்குள் தார், சைலன்சர் பைப்பில் சூட்டு நிறம், ரிம்மில் பிரேக் தூள் என்று அடையாளங்கள் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போகும். அவற்றைத் துடைத்துச் சரி செய்வதிலேயே காலம் போனால், நாளடைவில் வண்டியை வெளியே எடுக்கவே மனம் வராது.

ஆனால் போட்டி என்பது உச்ச வகுப்பு மட்டுமில்லை. அமெரிக்காவின் ஏஏசிஏ என்ற பழைய கார் சங்கத்தில் ஓட்டும் வண்டிகளுக்குத் தனி வகுப்பும், சீரமைக்கப்படாத ஒரிஜினல் வண்டிகளுக்குத் தனி அங்கீகாரமும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் நடக்கும் பெபிள் பீச் போட்டியில் பழைய நிலையிலேயே காப்பாற்றப்பட்ட கார்களுக்கு 2001 முதல் தனி வகுப்பு உண்டு. அதே பெபிள் பீச்சில் போட்டிக்கு முன்பு ஒரு சாலைப் பயணமும் நடக்கிறது. ஒரு வகுப்பில் இரண்டு கார்கள் சமமாக வந்தால், அந்தப் பயணத்தை முடித்த காருக்கே முன்னுரிமை. ஓடும் வண்டிதான் கார் என்ற எண்ணம் நடுவர்களுக்கும் உண்டு.

அதனால் முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே நீங்கள் கலந்துகொள்ள நினைக்கும் போட்டியின் மதிப்பெண் விதிகளை வாங்கிப் படியுங்கள். பெயின்ட் வகை, போல்ட்களின் முலாம், டயர், ஹோஸ் கிளிப் எல்லாமே அதிலிருந்துதான் முடிவாகும். பாதி வேலையில் மனம் மாறினால் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும், செலவும் இரட்டிப்பாகும்.

வேலையின் வரிசையிலும் கவனம் வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், வயரிங் எல்லாம் முடிந்ததும், எஞ்சின் அறைக்கும் அடிப்பாகத்துக்கும் கடைசி மெருகு கொடுப்பதற்கு முன்பு, 300 முதல் 500 கி.மீ. ஓட்டிவிடுங்கள். புதிதாகப் பூட்டிய வண்டியில் ஆயில் சீல் கசியும், வீல் நட் தளரும், கதவு இடைவெளி நகரும். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லும் எஞ்சின்களும் உண்டு. மெருகு போட்ட பிறகு இதையெல்லாம் சரி செய்தால் ஒவ்வொரு ஸ்பேனர் படும் இடத்திலும் பெயின்ட் போகும். வீல் நட்டை முதல் 50 கி.மீ.யிலும், பிறகு 150 கி.மீ.யிலும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். உங்கள் வண்டியில் நடுவில் ஒற்றை நட் போட்ட கம்பி வீல் என்றால், அதே இடைவெளிகளில் அந்த நட் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள்.

கேள்வி: அவ்வளவு செலவு செய்து கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்தும் மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். ஏன்?

பதில்: அந்தக் கண்ணாடிப் பளபளப்புதான் காரணமாக இருக்கும். பல சங்கங்களின் அளவுகோல், தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் அந்த வண்டி எப்படி இருந்தது என்பதுதான். அதைவிட மோசமாக இருந்தாலும் குறை, அதைவிட மேலாக இருந்தாலும் குறை. ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் வந்த காருக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு அடித்தால், வெளிச்சம் படும்போது ஆழம் வேறு மாதிரி தெரியும். பழகிய கண் சில அடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

பெயின்ட்டைவிடச் சின்னச் சாமான்களில்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கம்பிக் கிளிப் வந்த இடத்தில் திருகுக் கிளிப், கேட்மியம் முலாம் இருந்த போல்ட்டுக்குக் குரோம், துணி சுற்றிய வயருக்குப் பதில் பிளாஸ்டிக் வயர், தலையில் வேறு முத்திரை உள்ள போல்ட். வார்ப்பிரும்பாகவே விட்டிருந்த மேனிஃபோல்டுக்கு வெள்ளிப் பூச்சு அடிப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்குரூக்களின் காடி எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி திருப்பிவைப்பது சிலருக்குப் பெருமை, ஆனால் உற்பத்தி வரிசையில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

இதற்கு ஒரே வழி, பிரிக்கும்போதே படம் எடுப்பது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒன்று, கழற்றிய பின் இரண்டு. பழைய வண்டியின் மூலைகளில், கார்பெட்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால் தொழிற்சாலை சாக்பீஸ் குறி, பெயின்ட் பொட்டு, ஒட்டுச் சீட்டு மிச்சம் இருக்கும். சுரண்டிவிட்டால் போனது போனதுதான். அழுக்கு என்று நினைத்துத் துடைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒரு வண்டியின் சீட் லெதரும் பெயின்ட்டும் இன்னும் ஒரிஜினலாக இருந்தால், அதைப் புதுசாக்கிவிடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். புதுசு எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், ஒரிஜினல் ஒருமுறைதான்.

கேள்வி: பரிசு வாங்கிய கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது. பல வருடமாக டிரெய்லரில்தான் போய்வந்திருக்கிறது. வாங்கி ஓட்டலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கலாம். ஆனால் பரிசுக் கோப்பை வண்டி ஓடும் என்பதற்குச் சான்று இல்லை. பார்வைக்கு நூறு மதிப்பெண் வாங்கிய காரும் பத்து கிலோமீட்டர் தாண்டாமல் நின்றுபோகலாம். விலை பேசும்போதே, ஓட்டத் தயார் செய்யும் செலவைத் தனியாகக் கணக்குப் போட்டுக் கழியுங்கள்.

முதலில் டயர். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். காட்சி வண்டியில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். பத்து வருடம் தாண்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து. போட்டிக்கு அந்தக் காலத்து டயர்தான் வேண்டும் என்றால் ஐந்து ரிம் தனியாக வாங்கி அதில் போட்டு வையுங்கள். ஓட்ட வேறு செட்.

அடுத்தது பிரேக். எந்த ஃப்ளூயிட் இருக்கிறது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். டாட் 3, டாட் 4 என்ற ஃப்ளூயிட் வகைகள் இரண்டும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த நிலையில் தரம் கேட்பது 155 மட்டுமே. இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரையைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது இதனால்தான். காட்சி வண்டிகளில் பெயின்ட்டை அரிக்காது என்பதற்காகச் சிலிக்கான் வகையான டாட் 5 ஊற்றியிருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் பள்ளமான இடத்தில் அப்படியே தங்கித் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வகையையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. வகை தெரியாவிட்டால் முழுவதும் இறக்கி, சீல்களை மாற்றி, புதிதாகத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

ரப்பர் பிரேக் ஹோஸ் வெளியே புதிதாகத் தெரியும், உள்ளே ஊதியிருக்கும். பெடலை மிதித்தால் அழுத்தம் வீலுக்குப் போகும், விட்டால் திரும்பி வராது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீலுக்கும் அருகே கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்க ஹோஸ் அல்லது சிலிண்டர்தான் காரணம்.

காட்சிக்காகவே பூட்டிய வண்டியில் மட்டும் வரும் கோளாறுகள் சில உண்டு. வயரிங்கின் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் இருக்கும், அதனால் லைட் மங்கலாக எரியும், மீட்டர் தப்பாகக் காட்டும். அந்த இடத்தை உலோகம் தெரியச் சுரண்டி, இறுக்கிய பின் வாசலின் தடவுங்கள். போல்ட் போட்டு மாட்டும் ரிம்மின் உட்கார்விடத்தில் பவுடர் கோட்டிங் தடிமனாக இருந்தால், ஓடும்போது அது நசுங்கி நட் தளர்ந்துவிடும். அங்கேயும் சுத்தமான உலோகம் வேண்டும். கிரீஸ் நிப்பிள் பெயின்ட்டில் மூடியிருக்கும், அதாவது பல வருடமாகக் கிரீஸ் ஏறவில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை, விற்பவர் உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, முதலில் கையால் சுற்றுங்கள். பிறகு பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள். பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் டேங்க் அடியில் தனியாகத் தேங்கும். அந்தக் காலத்து ரப்பரையும் அது கரைக்கும். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இது தீ விபத்து சம்பந்தப்பட்டது, தள்ளிப் போடக் கூடாது.

கிளச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் அந்தச் சந்தேகம் வரும்.

கேள்வி: வாரம் ஒருமுறை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். போதுமா?

பதில்: அதைவிட ஸ்டார்ட் செய்யாமலே வைப்பது நல்லது. எரியும் பெட்ரோலிலிருந்து தண்ணீர் உண்டாகிறது. பத்து நிமிட ஐடிலில் ஆயிலும் சைலன்சரும் போதுமான சூட்டுக்கு வராததால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கும். ஆயில் பாலாகும், சைலன்சர் உள்ளிருந்து ஓட்டையாகும். பேட்டரியும் செல்ஃபுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பெறாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, சூட்டு முள் நடுவில் வந்த பிறகும் அரை மணி நேரம் ஓட்டுங்கள். கியர் எல்லாம் மாற்றுங்கள், பிரேக்கை நன்றாக மிதியுங்கள். முடியாது என்றால் பேட்டரிக்குத் தானியங்கி மெயின்டனன்ஸ் சார்ஜர் போட்டு, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, முறையாக மூடி வையுங்கள்.

கேள்வி: எலக்ட்ரானிக் இக்னிஷன் போன்ற மாற்றங்கள் செய்தால் மதிப்பு போய்விடுமா?

பதில்: வெட்டாமல், துளை போடாமல், திரும்பக் கழற்றும்படி செய்தால் போகாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கும் மாட்யூல் வெளியே தெரியாது. ஆனால் 1967 வரை வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதற்கென்று உள்ள மாட்யூலைத்தான் வாங்க வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்தால் அந்த நிமிடமே கருகும். சில மாட்யூல்கள் எஞ்சின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டாலும் கருகும். எனவே கழற்றிய பாயின்ட் செட்டை, கண்டென்சரோடு, ஃபீலர் கேஜும் சேர்த்து டிக்கியில் வையுங்கள். அந்த எம்ஜிபியின் லூகாஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பத்து நிமிட வேலை, வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

சீட் பெல்ட் போடுவதற்கு எந்த மதிப்பெண்ணையும் யோசிக்க வேண்டாம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பையில் கட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

கேள்வி: இப்போதைய ஆயில் பழைய எஞ்சினுக்கு ஆகாதாமே?

பதில்: பாதி உண்மை. பழைய எஞ்சினில் கேம்ஷாஃப்ட்டும் டேப்பட்டும் நேரடியாக உரசும். அங்கே காப்பது துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை. இன்றைய தரநிலைகளில் மெல்லிய கிரேடு ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 800 பங்கு) மேல் போகக் கூடாது. பழைய எஞ்சினுக்கு 1,000 முதல் 1,200 வரை உள்ளதைத் தேடுங்கள். பழைய கார்களுக்கென்றே வரும் 20டபிள்யூ-50 ஆயிலின் டேட்டா ஷீட்டில் இந்த எண் இருக்கும். சேர்க்கையைத் தனியாக வாங்கி ஊற்ற வேண்டாம், அளவு மீறினாலும் கெடுதல்தான். வண்டி ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: முன்பக்கத்துக்குப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: ஓட்டும் வண்டியில், சமீபத்தில் நன்றாக உலர்ந்த பெயின்ட் என்றால் ஒட்டலாம். பழைய லேக்கர் பெயின்ட்டில் வேண்டாம். உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியை அடுத்த வாரம் போட்டிக்குக் கொண்டுபோகிறேன். எதில் தொடங்குவது?

பதில்: அடியிலிருந்து மேலே வாருங்கள். முதல் நாள் வீல்களைக் கழற்றி, ஆர்ச், சஸ்பென்ஷன், ரிம்மின் உட்புறம். அங்கே பிரஷர் வாஷர் வேண்டாம், பேரிங்குக்குள்ளும் வயருக்குள்ளும் தண்ணீர் போகும். மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷும் துணியும் போதும், ரப்பரிலும் பிரேக்கிலும் படாமல். அடுத்து எஞ்சின் அறை, அப்புறம் உட்புறம், கடைசியில்தான் வெளி பெயின்ட். கழுவ இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசச் சுத்தமான தண்ணீர். அலசாத துணியில் ஒட்டும் மணல்தான் வெயிலில் தெரியும் வட்டக் கீறல்கள். ஒரிஜினல் பெயின்ட்டில் பாலிஷ் மெஷின் வேண்டாம். ஓரங்களில் பெயின்ட் மிக மெல்லியது, நொடியில் ப்ரைமர் தெரிந்துவிடும்.

முந்தைய நாள் மாலை, ஒவ்வொரு லைட், ஹார்ன், இண்டிகேட்டர், வைப்பர், பிரேக் லைட்டையும் ஒருவரை வெளியே நிறுத்திப் பாருங்கள். நடுவர் கேட்பது இவைதான், ஒரு பல்பு எரியாததால் போகும் மதிப்பெண்தான் மிகவும் வலிக்கும். தீயணைப்பான் பல போட்டிகளில் கட்டாயம், முள் பச்சையில் இருக்க வேண்டும்.

டிரெய்லரில் ஏற்றினால் பட்டையை வீலைச் சுற்றிக் கட்டுங்கள். சேஸிஸில் கட்டினால் வழியெல்லாம் சஸ்பென்ஷன் குதித்துப் பட்டை தளரும், பாடியில் கட்டினால் உரசும். 20 கி.மீ. போனதும் நிறுத்தி, நான்கையும் மறுபடி இழுத்துப் பாருங்கள்.