மலையிலிருந்து ராக்கெட் தெரியுமா? வாசகர் கேள்வி-பதில்

கே: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரவில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை ஏவினால் எங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?
வாசகி, கோத்தகிரி

ப: முடியும். வடகிழக்கு அடிவானம் மறைப்பில்லாமல் இருக்க வேண்டும், மூடுபனியும் இருக்கக் கூடாது. நேர்கோட்டில் சுமார் 450 கி.மீ. தூரம். பூமியின் வளைவால் ராக்கெட் ஏழெட்டு கி.மீ. ஏறும்வரை உங்கள் பார்வைக்கு வராது. இடையிலுள்ள மலைகள் இன்னும் கொஞ்சம் மறைக்கும். ஆகவே முதல் முக்கால் நிமிடம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு செம்மஞ்சள் புள்ளி ஒன்று எழும்பி, மெல்ல வலப்பக்கம் நகரும்.

செல்போன் திசைகாட்டியில் 55 டிகிரியைப் பகலிலேயே பார்த்து, அந்தப் பக்கம் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அளவு ஏறக்குறைய 10 டிகிரி. நீங்கள் பார்க்கப்போகும் பிரகாசமான பகுதி அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அரை முஷ்டிக்குள் முடிந்துவிடும். பலர் தலைக்கு மேலே தேடித்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, நேரலையை நம்புவது. அது நிஜ நேரத்துக்குப் பல விநாடிகள் பின்தங்கி ஓடும். ஏவுதல் தள்ளிப்போகிறதா என்று அறிய மட்டும் அதை வைத்துக்கொண்டு, விநாடிக் கணக்கைக் கடிகாரத்தில் பாருங்கள். ஏறத்தாழ 110-ஆவது விநாடியில் திட எரிபொருள் தீர்ந்து முதல் கட்டம் கழன்றுவிடும். இரண்டாவது கட்டம் திரவ எரிபொருள். அதன் சுடர் மங்கல். வெளிச்சம் சட்டென்று அடங்கினால் பதற வேண்டாம், ராக்கெட் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும்.

7x50 பைனாகுலர் போதும். படமெடுக்க முக்காலி, ஐ.எஸ்.ஓ. 400, 30 விநாடி திறப்பு. லென்ஸில் பனி படியும், துணி கையில் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பெரும்பாலும் ஏமாற்றமே. ஜனவரி, பிப்ரவரி இரவுகள் நல்லவை. வீட்டு மொட்டைமாடியே உத்தமம்; தேயிலைத் தோட்ட ஓரத்தில் இருட்டில் நிற்காதீர்கள், காட்டெருமையும் கரடியும் வரும் இடம்.

கே: பள்ளியில் ஏவுதலைக் கொண்டாட விரும்புகிறோம். என்ன செய்யலாம்?
ஆசிரியர், குன்னூர்

ப: இஸ்ரோ முன்கூட்டியே வெளியிடும் நிகழ்ச்சி நேரப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளையே 'டிக்' போடச் சொல்லுங்கள். கிளம்பியதும் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். செயற்கைக்கோள் பிரிந்தால்தான் வெற்றி. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 (2 செப்டம்பர் 2023) பிரிய 63 நிமிடம் ஆனது. அந்தக் காத்திருப்பையும் பிள்ளைகள் அனுபவிக்கட்டும்.

கே: தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வந்தால் கொடைக்கானலுக்கு லாபமா?
வாசகர், கொடைக்கானல்

ப: நிச்சயம். 28 பிப்ரவரி 2024 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளம் உங்களுக்குச் சுமார் 215 கி.மீ.; ஸ்ரீஹரிகோட்டாவோ ஏறத்தாழ 490. அங்கிருந்து கிளம்பவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டின் மூன்று கட்டங்களும் திட எரிபொருள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதுபோல் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, நேர் தெற்கே போகும். தெற்கே பள்ளத்தாக்கு திறந்திருக்கும் கோக்கர்ஸ் வாக் பக்கம், தெற்கிலிருந்து சற்றே கிழக்காக, 160 டிகிரியை ஒட்டிப் பாருங்கள்.