டவுன்லோட் செய்த படம் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

கேள்வி: எழும்பூரில் ரயில் ஏறும் முன் வீட்டு வைஃபையில் ஓடிடி ஆப்பில் ஒரு படத்தை டவுன்லோட் செய்தேன். பாதி பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். நான்கு நாள் கழித்து மீதியைப் பார்க்கத் திறந்தால் 'காலாவதி' என்கிறது. படம் என் போனில்தானே இருக்கிறது? (அம்பத்தூர் வாசகர்)

படம் இருக்கிறது. திறக்கும் சாவிக்குத்தான் ஆயுள் முடிந்துவிட்டது. டவுன்லோட் பட்டனை அழுத்தினால் இரண்டு விஷயங்கள் வந்து சேரும். ஒன்று, குறியாக்கம் செய்த, அதாவது பூட்டிய வீடியோ. இன்னொன்று, அதைத் திறக்கிற லைசென்ஸ். லைசென்ஸில் பெரும்பாலும் இரண்டு கெடு இருக்கும்: இத்தனை நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டால் இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ரயிலில் நீங்கள் பிளே அழுத்தியதுமே இரண்டாவது கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. பல படங்களுக்கு அது 48 மணி நேரம்தான். தயாரிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்து படத்துக்குப் படம் இது மாறும்.

நெட் கிடைத்ததும் அந்தப் படத்தின் பக்கத்தில் 'புதுப்பி' என்று வருகிறதா பாருங்கள். வந்தால் லைசென்ஸ் மட்டும் புதிதாக இறங்கும். ஒரு ஜிபி டேட்டாவை மறுபடி செலவழிக்க வேண்டாம். இன்னொன்று: நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று ஏரோபிளேன் மோடில் போட்டு ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கிளம்பும் நாளன்று செய்யுங்கள். மூன்று நாள் முன்பே சோதித்தால் கெடுவை நீங்களே எரித்துவிடுவீர்கள்.

கேள்வி: போனில் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால்? (மயிலாப்பூர்)

நல்ல முயற்சி! கடைசியாகப் பார்த்த நேரத்தை ஆப் நினைவில் வைத்திருக்கும். கடிகாரம் பின்னால் போனது தெரிந்தால் லைசென்ஸையே மறுத்துவிடலாம்.

கேள்வி: ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினேன். திரை ஃபுல் எச்டி, ஆனால் நெட்ஃபிளிக்ஸில் டவுன்லோட் செய்த படம் மங்கலாகவே இருக்கிறது. (வேளச்சேரி)

திரையைக் குறை சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டில் பூட்டைக் கவனித்துக்கொள்வது கூகுளின் வைட்வைன். அதில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று நிலைகள். எல்1 போனில் சாவியும் வீடியோவும் சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியை விட்டு வெளியே வராது. எல்3-யில் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கும், உடைப்பது சுலபம். அதனால் எல்3 போனுக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி தருவதில்லை.

ஆப் செட்டிங்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், அப்புறம் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்று போனால் உங்கள் போனின் நிலை தெரியும். முதலில் எல்1 ஆக இருந்த மாடல் எல்3 காட்டினால், முந்தைய ஆள் பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) திறந்து வேறு ரோம் (ROM, போனின் இயங்குதளம்) ஏற்றியிருக்கலாம். ஒரிஜினல் ரோம் போட்டு பூட்லோடரை மறுபடி பூட்டினால் சில மாடல்களில் சரியாகும், சிலவற்றில் ஆகாது. பழைய போன் வாங்கும் எவரும் பேட்டரி ஹெல்த் பார்ப்பதுபோல இதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு நிமிட வேலை.

கேள்வி: எஸ்டி கார்டில் டவுன்லோட் செய்து, கார்டைத் தம்பி போனில் போட்டால் ஓடுமா? (தாம்பரம்)

ஓடாது. கார்டில் போவது பூட்டிய வீடியோ. சாவி உங்கள் போனோடு கட்டப்பட்டது. தம்பி அதே கணக்கில் நுழைந்து தனியாக டவுன்லோட் செய்யட்டும், உங்கள் பிளான் இடம் கொடுத்தால்.

கேள்வி: மாதாமாதம் சந்தா கட்டுகிறேன். பூட்டை உடைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தினால் என்ன தப்பு? (அண்ணா நகர்)

சந்தா வாங்கித் தருவது பார்க்கும் உரிமை, பிரதி வைத்துக்கொள்ளும் உரிமை அல்ல. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது: உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. அந்த மென்பொருள்களில் பல உங்கள் கணக்கின் பாஸ்வேர்டையும் கேட்கும். எனக்கு அதுதான் கூடுதல் பயம்.