தேங்காய்ப்பாலை நிறுத்தினால் கல் கரையுமா?

போன மாதம் பித்தப்பைக் கல்லைப் பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே கல்தான். வெள்ளவத்தையிலிருந்து வத்தளை வரை இவ்வளவு கல் கிடக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் ஒரு மதில் கட்டியிருக்கலாம். சரி, இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. வார்டில் தாதியாக நின்ற வருடங்கள் ஒரு பக்கம், ஆறு வருடம் வயிற்றுக்குள் இரண்டு கல்லை வைத்துக்கொண்டு சமைத்துச் சாப்பிட்டது மறுபக்கம். இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. மூன்று வாரத்துக்கு முன்பு பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தேன். இரவு ஒரு மணி போல நெஞ்சுக்குழிக்குக் கீழே வலது பக்கம் பிடித்தது. முதுகுப் பக்கத்தால் போய் வலது தோள்மூட்டு வரை இழுத்தது, சத்தியும் எடுத்தேன். விடிந்ததும் போய் ஸ்கேன் எடுத்ததில் 12 மில்லிமீற்றர் கல் ஒன்று. சத்திரசிகிச்சைக்கு நாள் தந்திருக்கிறார்கள், இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மாமி வீட்டில் தேங்காய்ப்பாலையே நிறுத்திவிட்டார். சொதி இல்லாமல் இடியப்பம் எப்படி இறங்கும்? நிறுத்தினால் கல் கரைந்து போகுமா? (வாசகி, கொழும்பு 06)

பதில்: கரையாது, தங்கச்சி. தேங்காய்ப்பாலை விட்டாலும் கரையாது, முள்ளங்கிச் சாறு குடித்தாலும் கரையாது. கொலஸ்ட்ரோலால் ஆன சின்னக் கற்கள் சிலவற்றைக் கரைக்க அர்சோடியொக்ஸிகோலிக் அமிலம் என்று ஒரு குளிசை இருக்கிறது, அதுவும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும், உங்களுடைய கல்லின் அளவுக்கு அதை எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் சாப்பாட்டை மாற்றி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் கொஞ்சத்தைப் பித்தப்பை வாங்கி, தண்ணீரை உறிஞ்சி, தடிப்பாக்கி வைத்திருக்கும். பை பெரிதல்ல, 30 முதல் 50 மில்லிலீற்றர்தான் கொள்ளும். நீங்கள் சாப்பிட்ட கொழுப்பு சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்து கொலெசிஸ்டோகைனின் என்ற ஹோர்மோன் கிளம்பிப் போய்ப் பையைப் பிழியச் சொல்லும். கொழுப்பு கூடினால் பிழிவும் கூடும். கல் இல்லாதவருக்கு அது நடப்பதே தெரியாது. உங்களுக்கோ பிழியும்போது கல் போய்ப் பையின் கழுத்தில் செருகிக்கொள்கிறது, அதுதான் அந்த இரவு வந்த வலி. கல் பின்னால் உருண்டதும் வலி விட்டுவிடும், நாமும் "ஓ, அது காஸ்ட்ரைடிஸ்தான்" என்று நினைத்துக்கொண்டு அடுத்த கலியாணத்துக்குப் போவோம்.

ஆகவே இந்த நாலு மாதமும் உங்கள் வேலை பையைத் திடீரென்று பலமாகப் பிழிய விடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். அதற்குத் தேங்காயைத் தள்ளிவைக்கத் தேவையில்லை, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பார்த்தால் போதும். 100 கிராம் தேங்காய்ப்பூவில் 33 கிராம் அளவு கொழுப்பு இருக்கிறது. அரைத் தேங்காயைத் துருவினால் ஏறக்குறைய 150 கிராம் வரும், அதாவது 50 கிராம் கொழுப்பு. பித்தப்பை வலி உள்ளவருக்கு நாள் முழுவதற்குமே 40, 50 கிராமுக்குள் நிற்கச் சொல்வது வழக்கம். நான் என்ன செய்தேன் என்றால், பிழிந்த முதற்பாலை வீட்டில் மற்றவர்களின் கறிக்கு எடுத்துவைத்துவிட்டு, கப்பிப்பாலில் எனக்குச் சொதி வைத்தேன். வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, கடைசியில் தேசிக்காய்ப்புளி கொஞ்சம் தூக்கலாக. முதல் வாரம் தண்ணீர் மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் வாரம் பழகிவிட்டது. சம்பல் என்றால் ஒரு மேசைக்கரண்டி, கோப்பையில் ஒரு மலை அல்ல.

எனக்கு உண்மையான எதிரி தேங்காயே இல்லை, கத்தரிக்காய். பொரித்துக் குழம்பு வைப்போமே, அதுதான். ஒரு நாள் சந்தேகம் வந்து, பொரித்து எடுத்த ஒரு துண்டைத் தட்டில் வைத்து அகப்பையின் பின்பக்கத்தால் அழுத்திப் பார்த்தேன். கடற்பஞ்சு மாதிரி எண்ணெயைக் கக்கியது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 14 கிராம் கொழுப்பு, அதில் எத்தனை கரண்டியை மரக்கறி என்ற பெயரில் விழுங்கியிருக்கிறேனோ தெரியாது. அதன் பிறகு கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து, வெங்காயம் தேசிக்காய் போட்டுப் பிசைந்ததுதான்.

கந்தோர் போகிறவர் என்றால் பத்து மணித் தேநீரோடு வரும் றோல்ஸ், பற்றிஸ், வடையைக் கவனியுங்கள், சாப்பாடு என்று யாருமே கணக்கில் சேர்க்காத சாமான் இவைதான். முழு ஆடைப் பால்மாவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு, ஆகவே கரண்டியைக் குவித்துப் போடாதீர்கள், அல்லது பிளேன்ரீக்கு மாறுங்கள். மீன் நல்லது, குழம்பாகவோ அவியலாகவோ. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, பழம் எல்லாம் தாராளமாக. கோழியைத் தோலை உரித்துவிட்டுச் சமைக்கலாம். அப்புறம் இரவுச் சாப்பாட்டைப் பத்து மணிக்கு வைக்காமல் ஏழரைக்குள் முடியுங்கள், அளவும் குறைவாக. ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டேன், எப்போது நொந்தது என்று எழுதி வையுங்கள். ஒருவருக்கு முட்டை ஒத்துவராது, இன்னொருவர் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டுச் சுகமாக இருப்பார். உங்கள் கொப்பிதான் உங்களுக்குச் சட்டம், மாமியினுடையது அல்ல (மாமியிடம் இதை வாசித்துக் காட்ட வேண்டாம்).

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வலி இல்லை, சாப்பாடு பிடித்துவிட்டது என்று சத்திரசிகிச்சை நாளைத் தள்ளிப்போடுவது. நான் அப்படித்தான் ஆறு வருடம் தள்ளினேன். ஒரு வெசாக் இரவில், சனக்கூட்டத்துக்கு நடுவே ஓட்டோ கிடைக்காமல் வீதியோரம் குந்தியிருந்து அழுத பிறகுதான் புத்தி வந்தது.

கேள்வி: எனக்கு வேறு விஷயத்துக்கு ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் 8 மில்லிமீற்றர் கல் இருப்பதாகச் சொன்னார்கள். வலி ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் மனைவி அன்றிலிருந்து அவித்த மரக்கறியும் கஞ்சியும்தான் தருகிறார். ஒரு மாதத்தில் 8 கிலோ குறைந்துவிட்டேன். இதற்குச் சத்திரசிகிச்சை வேண்டுமா? (56 வயது வாசகர், தெஹிவளை)

பதில்: ஐயா, கல்லைவிட உங்கள் கஞ்சிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கல் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். வலி இல்லாத கல்லை வழக்கமாக வெட்டி எடுப்பதில்லை. 3 சென்ரிமீற்றருக்கு மேல் பெரிய கல், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது போன்ற சில நிலைகளில்தான் யோசிப்பார்கள், அதை உங்கள் டொக்டர் ஸ்கேன் தாளைப் பார்த்துச் சொல்வார்.

ஆனால் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மெலிவது புதுக் கல் வர நேர்வழி. பட்டினி கிடக்கும்போது உடம்புக் கொழுப்பு உருகி, ஈரல் பித்தநீருக்குள் கூடுதலாகக் கொலஸ்ட்ரோலைத் தள்ளும், சாப்பாட்டில் கொழுப்பே இல்லாததால் பையும் பிழியாமல் சும்மா கிடக்கும். தேங்கிய தண்ணீரில் மண் அடையும், அதே கதைதான். வாரத்துக்கு அரைக் கிலோ, கூடினால் ஒரு கிலோ, அவ்வளவு போதும். நீங்களாக முயற்சி செய்யாமலே மெலிகிறது என்றால் அதை டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லி, நாளைக்கு ஒரு மீன் குழம்பு வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. அடிக்கடி வலி வரும், காஸ்ட்ரைடிஸ் குளிசை போட்டால் விடும். இந்த முறை இரண்டு நாளாக விடவில்லை, குளிர்ந்து காய்கிறது, கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிற மாதிரித் தெரிகிறது. என்ன சாப்பாடு கொடுக்கலாம்? (கொட்டாஞ்சேனை)

பதில்: கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தபடியால் கிடைத்த அன்றே கூப்பிட்டுப் பேசிவிட்டேன், அம்மா இப்போது வார்டில் இருந்து தேறி வருகிறார். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். இது சாப்பாட்டால் பார்க்கிற கட்டம் அல்ல. வலி நாலைந்து மணித்தியாலம் தாண்டியும் விடாவிட்டால், காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் பிளேன்ரீ நிறத்திலும் மலம் வெளுத்தும் போனால், கல் பையை விட்டு வெளியேறிப் பித்தக் குழாயை அடைத்திருக்கலாம். அடைத்த இடத்தில் கிருமி பிடித்தால் அது இரத்தத்துக்குள் போக அதிக நேரம் எடுக்காது. அந்த அடைப்பு கணையத்தையும் தாக்கலாம். செங்கண்மாரிக்குக் கீழ்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், அரச வைத்தியசாலையிலும் காசு இல்லை. போகிற வழியில் ஒன்றும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். வலி நெஞ்சில் ஏறி வியர்த்தாலும் அதே இலக்கம்தான், மாரடைப்பும் இப்படியே வேஷம் போடும், இசிஜி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஒலிவ் எண்ணெயும் தேசிக்காய்ச் சாறும் இரவில் குடித்தால் காலையில் கல் எல்லாம் மலத்தோடு வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் மச்சாள் குடித்தார், உண்மையாகவே பச்சைப் பச்சையாகக் கல் வந்ததே! (வத்தளை)

பதில்: வந்தது கல் இல்லை, சவர்க்காரம். நியூசிலாந்தில் ஒரு பெண் இதே மாதிரி 600 மில்லிலீற்றர் ஒலிவ் எண்ணெயும் 300 மில்லிலீற்றர் எலுமிச்சைச் சாறும் குடித்து, வெளியே வந்த பச்சை உருண்டைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். 2005-இல் லான்செட் சஞ்சிகையில் அது வெளியானது. சோதித்தால் அதில் கொலஸ்ட்ரோலும் இல்லை, கல்சியமும் இல்லை. 40 பாகை செல்சியஸில் வைத்ததும் பத்து நிமிடத்தில் பச்சை எண்ணெயாக உருகிவிட்டது. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சவர்க்கார உருண்டையாகித் திரும்பி வந்திருக்கிறது. மச்சாளுக்குச் செலவு எண்ணெய்க் காசு மட்டும்தான் என்றால் அதிர்ஷ்டம். உள்ளே உண்மையான கல் இருப்பவர் இவ்வளவு எண்ணெயை ஒரேயடியாகக் குடித்தால் பை எப்படிப் பிழியும் என்று மேலே எழுதியதை ஒருதரம் வாசியுங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கல் இருந்த அண்ணா தக்காளி, பசளி விட்டுத் தண்ணீர் நிறையக் குடித்தார், வாழைத்தண்டும் சாப்பிட்டார். நானும் அப்படிச் செய்யலாமா?

பதில்: அது வேறு குழாய், இது வேறு குழாய். குடிக்கிற தண்ணீர் பித்தப்பை வழியாக ஓடுவதில்லை. தக்காளி, பசளி தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: வருடாவருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பேன். இந்த வருடம் கல் கண்டுபிடித்திருக்கிறார்கள். இருக்கலாமா? (பம்பலப்பிட்டி)

பதில்: அண்மையில் வலி வந்திருந்தால் இந்த வருடம் வேண்டாம். வலியே இல்லையென்றாலும், டொக்டரிடம் கேட்டுவிட்டு, தண்ணீருக்குப் பதில் ஒரு வேளைச் சாப்பாடு அல்லது பால் பழம் என்று மாற்றுங்கள். முருகன் கணக்குப் பார்க்கிறவர் அல்ல. எனக்கு விரதத்தைவிடப் பாறணைதான் கவலை. ஆறு நாள் சும்மா கிடந்த பைக்கு ஏழாம் நாள் விடியற்காலையில் வடை, பாயாசம், பொரியல், அப்பளம், முதற்பாலில் மூன்று கறி என்றால் அது என்ன செய்யும், பாவம். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு வெள்ளைக்கறி, அதோடு முடியுங்கள். நோன்பு பிடிக்கும் வாசகர்களுக்கும் இதேதான்: நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழமும் கஞ்சியும் முதலில், சமோசாவும் கட்லட்டும் ஒன்றிரண்டோடு.

கேள்வி: பித்தப்பையை எடுத்து ஏழு வாரம். சாப்பிட்டவுடன் கக்கூசுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இனிமேல் வாழ்நாள் முழுக்கப் பத்தியமா? ஒரு கொத்துரொட்டி சாப்பிட ஆசை. (29 வயது, மருதானை)

பதில்: தம்பி, வாழ்நாள் பத்தியம் இல்லை. பை போனதால் பித்தநீர் சேர்ந்து நிற்க இடமில்லாமல் சொட்டுச் சொட்டாகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மிச்சம் சிலருக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் அடங்கிவிடும். அதுவரை ஓட்ஸ் கஞ்சி, வாழைப்பழம், பருப்பு, சிறு சிறு அளவாக ஐந்து வேளை. கோப்பியைக் குறையுங்கள். அடங்காவிட்டால் பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் மருந்து இருக்கிறது, கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள், நிறையப் பேர் வாயே திறப்பதில்லை.

கொத்து? வயிறு இரண்டு வாரம் ஒழுங்காக இருந்த பிறகு, மரக்கறிக் கொத்து, எண்ணெய் குறைத்துப் போடச் சொல்லி, சீஸ் இல்லாமல். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மற்றப் பாதியைக் கட்டித் தரச் சொல்லுங்கள்.