அண்டா காலியானால் கடை மூடிவிடும்

கேள்வி: வேலை விஷயமாக ஒரு மாதம் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் வாசம். போனில் தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்து ஹோட்டல்தான் வருகிறது. சென்னைக்காரர்கள் நிஜமாகவே சாப்பிடுகிற சின்னக் கடைகளை எப்படிக் கண்டுபிடிப்பது?
- திருச்சி வாசகர்

பதில்: முதலில், யாரிடமும் 'இங்கே எங்கே சார் நல்லா இருக்கும்?' என்று கேட்காதீர்கள். வெளியூர்க்காரர் என்று தெரிந்ததும் ஏசி போட்ட ஒரு ஹோட்டலுக்குக் கைகாட்டிவிடுவார்கள், அதுதான் மரியாதை என்று அவர்கள் நினைப்பு. ஆட்டோக்காரரிடம் 'காலையில நீங்க எங்கண்ணே சாப்பிட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'பேரெல்லாம் இல்ல சார், பஸ் ஸ்டாப் பின்னாடி ஒரு அக்கா போடுவாங்க' என்பார். அந்த அக்காதான் உங்களுக்கு வேண்டியவர்.

அப்புறம் நேரம். இந்தக் கடைகளில் பாதிக்கு முகவரி கேட்டால் போதாது, எத்தனை மணிக்கு என்றும் கேட்க வேண்டும். ஒரு அண்டா, இரண்டு வாளி, அது காலியானால் கடை மூடிவிடும். சைதாப்பேட்டை வடகறி காலைச் சமாச்சாரம். கடலைப்பருப்பை அரைத்து வேகவைத்து, உதிர்த்து மசாலாவில் போட்டு, செட் தோசைக்கோ இட்லிக்கோ ஊற்றுவார்கள். மிஞ்சிப்போன வடையில் செய்வது என்று ஒரு பேச்சு உண்டு. நல்ல கடைகளில் அதற்கென்றே அரைக்கிறார்கள். பதினோரு மணிக்கு எழுந்து போனால் உங்களுக்குச் சாம்பார்தான்.

நீங்கள் இருக்கிற இடத்துக்கு ஒரு சௌகரியம் சொல்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் திருவல்லிக்கேணியில் கடற்கரை ஸ்டேஷன் போகிற பறக்கும் ரயில் ஏறினால் அதுதான் கடைசி ஸ்டேஷன். இறங்கி ரோட்டைக் கடந்து பர்மா பஜார் பக்கம் நடந்தால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வண்டிகள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் அரசுடைமையாகி, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறித் திரும்பி வந்தார்கள், அவர்களுக்காக 1969-ல் உண்டானதுதான் இந்த பஜார், அவர்களோடு வந்ததுதான் இந்தச் சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளி, சீவிய கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய் எல்லாம் போட்டு, பேஜோ என்கிற தட்டை மாதிரியானதை நொறுக்கித் தூவி, ஒரு கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து கொடுப்பார். அடுப்பில் ஏற்றுவது கிடையாது. கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப் வரும். கையால் பிசைவது ஒத்துவராது என்றால் அந்தச் சூப்பையே நூடுல்ஸில் ஊற்றித் தருகிற மொய்ங்கா கேளுங்கள்.

முட்டையை விட்டுவிடாதீர்கள். அவித்த முட்டையைப் பிளந்து, உள்ளே பொரித்த வெங்காயத்தையும் பூண்டையும் அடைத்து, புளித்தண்ணீர் விட்டு நீட்டுவார். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், பாதியாகக் கடித்தால் சட்டை போயிற்று. (என் வெள்ளைச் சட்டை ஒன்று இப்போது தரை துடைக்கிறது.)

ஒரு புலம்பல். 'யாருக்கும் தெரியாத கடை' என்று வீடியோ வந்த ஒரு கடையில் போன மாதம் முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த ஆறு பேரும் தட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள், என் தோசை ஆறிப்போய் வந்தது. அதன் பேரைச் சொல்லி இன்னும் கூட்டம் சேர்க்க மனசில்லை.

கேள்வி: மகளோடு சென்னை வருகிறேன். தள்ளுவண்டி ஓரம் நின்று சாப்பிடக் கூச்சமாக இருக்கிறதே?
- சேலம் வாசகி

பதில்: அப்படியென்றால் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் தொடங்குங்கள். சாயங்காலம் அங்கே பாட்டி முதல் பேத்தி வரை குடும்பமாக நின்றுதான் சாப்பிடுகிறார்கள், உட்கார இடம் தேடினால்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். முறுக்கு சாண்ட்விச் வாங்குங்கள்: ரொட்டிக்குப் பதில் இரண்டு சின்ன முறுக்கு, நடுவில் பச்சைச் சட்னியும் தக்காளி, வெள்ளரி, வெங்காய வில்லைகளும். ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். மகளுக்குக் காரம் ஆகாது என்றால் சட்னி தடவுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவர்கள் கை அவ்வளவு வேகம்.

கேள்வி: டீ, காபி வேண்டாம். வெயிலுக்குக் குடிக்க சென்னையில் என்ன?
- கரூர் வாசகர்

பதில்: கேழ்வரகுக் கூழ் வண்டி. ஆட்டோ ஸ்டாண்ட், பஸ் டிப்போ பக்கம் காலையிலிருந்து மதியம் வரை நிற்கும். மோர் விட்டுக் கரைத்து சொம்பில் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ள மாங்காய், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சில வண்டிகளில் கருவாடும் இருக்கும். மோர்மிளகாயை முதல் வாயிலேயே கடித்துவிடாதீர்கள். அப்புறம், போன் வந்தது என்று சொம்போடு நகர்ந்துவிடவும் வேண்டாம், அடுத்த ஆள் அதற்குத்தான் காத்துக்கொண்டிருப்பார்.