ஒரே காற்றில் இரண்டு கைட்: வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

தென்மேற்குப் பருவக் கச்சான் காற்று எழும்பியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த கைட் வாங்கலாம்?" என்பதுதான். ராமேஸ்வரத்திலும் இலங்கையின் கற்பிட்டியிலும் 11 வருடமாக கைட்சர்ஃபிங் (வானில் பறக்கும் பெரிய கைட் இழுக்க, போர்டில் நின்று கடலில் ஓடுவது) செய்கிறேன், கற்றும் கொடுக்கிறேன். எனக்குக் கடை கிடையாது, எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்வதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் எடையோடு, நீங்கள் ஓட்டப்போகும் கடலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காத கைட்டுக்குப் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். இந்த வாரம் வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

சென்னை: அண்ணா, ரெண்டு சீசன் முடிச்சாச்சு. எதிர்க்காற்றுல ஏற வருது, மூணு மீட்டர் வரைக்கும் ஜம்ப் வருது. கோர் எக்ஸ்ஆர், டுவோடோன் ரெபெல், ஓசோன் எட்ஜ், இந்த மூணுல எது பெஸ்ட்?

தம்பி, மூன்றும் ஒரே சாதி கைட்கள். மூன்றுக்கும் ஐந்து ஸ்ட்ரட் (இறக்கையின் குறுக்கே காற்றடைத்து நிற்கும் குழாய்), அகலம் குறைந்து நீண்ட இறக்கை. உயரமாகக் குதிக்கவும், குதித்த பிறகு கொஞ்ச நேரம் மிதந்து இறங்கவும் செய்தவை. பலத்த காற்றில் துணி படபடக்காமல் விறைப்பாக நிற்கும், எதிர்க்காற்றில் நன்றாக ஏறும். அந்த நீண்ட வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு. மெதுவாகத் திரும்பும், தண்ணீரில் விழுந்தால் எழுப்ப நேரம் பிடிக்கும், குதிக்கும்போது கைட்டைத் தலைக்கு மேல் கொண்டுவரும் நேரம் அரை நொடி தவறினாலும் மன்னிக்காது.

மூன்று மீட்டர் குதிப்பவருக்கு அடுத்த இரண்டு மீட்டரைத் தரப்போவது கைட் இல்லை, அந்த நேரக்கணக்குதான். அதனால் இந்த மூன்றோடு கோர் நெக்ஸஸ், ஓசோன் எண்டூரோ போன்ற மூன்று ஸ்ட்ரட் கைட் ஒன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். எடை குறைவு, சட்டென்று திரும்பும், விழுந்தால் உடனே எழும். என்னிடம் பயின்றவர்களில் பலர் பெயருக்காக ஐந்து ஸ்ட்ரட் வாங்கி, அடுத்த சீசனில் அதை விற்றுவிட்டு மூன்று ஸ்ட்ரட்டுக்கு வந்திருக்கிறார்கள். நீங்கள் ஓட்டிப் பார்த்த பிறகும் ரெபெல்தான் மனதில் நிற்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

தூத்துக்குடி: ஓட்டிப் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒரு ஞாயித்துக்கெழம ஒண்ணு, அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொண்ணுன்னு வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். ரெண்டாவதுல இழுவை அதிகம். அப்ப அதுதானே நல்ல கைட்?

அன்றைக்குக் காற்று எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு? காற்றின் வேகம் 15 நாட்ஸிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 21 நாட்ஸ் ஆனால் கைட்டில் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. நீங்கள் ஒப்பிட்டது இரண்டு கைட்களை இல்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை.

ஒப்பிடுவதென்றால் இரண்டும் ஒரே அளவில், ஒரே மதியத்தில் கரையில் காற்று நிரப்பித் தயாராக இருக்க வேண்டும். முதல் கைட்டை 20 நிமிடம், இரண்டாவதை 20 நிமிடம், பிறகு திரும்பவும் முதல் கைட்டையே ஓட்டுங்கள். மூன்றாவது சுற்றை யாரும் செய்வதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். நடுவில் காற்று கூடியதா குறைந்ததா என்பது அப்போதுதான் பிடிபடும். போர்டையும் இடுப்பில் கட்டும் ஹார்னஸையும் மாற்றாதீர்கள்.

அதற்கும் முன்னால், கையில் பிடிக்கும் கட்டையான பாரையும் கைட்டையும் இணைக்கும் லைன் கயிறுகளை அளந்துவிடுங்கள். ஒரு முறை நான் 9 மீட்டர் (பரப்பு சதுர மீட்டரில்) கைட் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பாரை உள்ளே இழுத்தால் போதும், கைட் முதுகுப்பக்கமாகச் சாய்ந்து பின்னோக்கி விழுந்துகொண்டே இருந்தது. கைட்டே சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். மறுநாள் சும்மா நாலு லைனையும் ஒரு தென்னைமரத்தில் மாட்டி, இழுவையைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிம் கயிற்றை முழுக்க விட்டு, பாரை முழுக்க உள்ளே இழுத்துப் பார்த்தேன். நாலும் ஒரே நீளமாக நின்று பார் நேராக இருக்க வேண்டும். அங்கே முன் லைன்கள் இரண்டும் நாலு விரல் அளவு நீண்டிருந்தன. நம் எடையைத் தாங்குவது முன் லைன்கள்தான், பழகப் பழக அவைதான் நீளும். பின் லைனை முடிச்சு மாற்றி அந்த நாலு விரலை விட்டுக்கொடுத்ததும் அதே கைட் அழகாகப் பறந்தது. அதனால் முதல் நாள் சொன்ன தீர்ப்பை நான் எப்போதும் நம்புவதில்லை.

லைன் நீளத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் 24 மீட்டர், இன்னொன்றில் 20 மீட்டர் என்றால் எது வேகமாகத் திரும்புகிறது என்று ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. குட்டை லைனில் எந்தக் கைட்டும் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். காற்றழுத்தத்தையும் பம்பின் மீட்டரில் பார்த்து இரண்டிலும் கம்பெனி சொன்ன அளவுக்கே நிரப்புங்கள். அழுத்தம் குறைந்த கைட் திருப்பத்தில் முறுக்கிக்கொள்ளும், உடனே மாடல் மேல் பழி விழும்.

தண்ணீரில் இறங்கியதும் நான் செய்வது இதுதான். நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு வள்ளத்தை அடையாளம் வைத்துக்கொள்வேன். ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு அதற்குக் காற்று வரும் பக்கம் போய்ச் சேர எத்தனை முறை திரும்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணுவேன். வேண்டுமென்றே கைட்டை மூக்கு கீழே இருக்கும்படி தண்ணீரில் போட்டு, எழும்பும் வரை மனதுக்குள் எண்ணுவேன். ஐந்து ஜம்ப் போட்டு, அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு நடு மூன்றை மட்டும் கணக்கில் எடுப்பேன். உயரத்தை அளக்க வூ கருவி வேண்டுமென்பதில்லை, சர்ஃப்ர் செயலி போட்ட போன் போதும், இரண்டு கைட்டுக்கும் ஒன்றையே வைத்துக்கொண்டால் சரி. கடைசியாக, காற்று திடீரென்று அடிக்கும்போது பாரை வெளியே தள்ளினால் இழுவை முழுதாகக் குறைகிறதா என்று பார்ப்பேன். உச்சி வெயிலில் மூன்றாவது மணி நேரம் தண்ணீரில் நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுவது ஜம்ப் உயரம் இல்லை, அந்தக் குணம்தான்.

கரைக்கு வந்தவுடன், பேச்சுக்கு முன்னால், நோட்டில் எழுதிவிடுங்கள். நண்பர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நம் கை உணர்ந்தது மாறிப்போகும்.

பெங்களூரு: நான் 52 கிலோ, உயரம் 5 அடி. வாடகைக் கைட்ல பாரை வெளிய தள்ளினா கைக்கு எட்டாமப் போயிடுது. பெண்களுக்குன்னு தனி கைட் பார்க்கணுமா அண்ணா?

வேண்டாம்மா. சிக்கல் கைட்டில் இல்லை, பாரில். பார் மேலும் கீழும் நகரும் தூரத்தைப் பல பார்களில் ஸ்டாப்பரை நகர்த்திக் குறைக்கலாம். கையை முழுக்க நீட்டினாலும் விரல் பாரில் இருக்கும்படி அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 7, 9 மீட்டர்தான் சரி. அந்த அளவுக்கு அகலமான பார் வேண்டாம், 45 சென்டிமீட்டர் போதும். சில பார்களில் லைன் மாட்டும் இடத்தை உள்ளே தள்ளி அகலத்தைக் குறைக்க வழி உண்டு. ஓட்டிப் பார்க்கும் அன்று உங்கள் உடம்புக்குச் சரிசெய்த பாரோடு மட்டும் ஓட்டுங்கள். 80 கிலோ ஆண் அவருக்கு ஏற்றபடி வைத்த பாரில் ஓட்டிவிட்டு, கைட் கனமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, என்னட்ட 12 மீட்டர் ஒண்டு இருக்குது. சோழகக் காத்து வலுத்தா அது தாங்குதில்லை. 9 எடுக்கிறதோ 8 எடுக்கிறதோ?

75 கிலோவை ஒட்டிய எடை என்றால் 9 எடுங்கள் தம்பி. ஒரு அளவிலிருந்து அடுத்ததுக்குக் கால்பங்கு குறைவதுதான் நல்ல இடைவெளி, 12, 9, 7 என்று. 8க்குத் தாவினால் 12 கூடிப்போய் 8 போதாமல் இருக்கும் சில மதியங்களைக் கரையில் உட்கார்ந்து கழிக்க நேரும். 65 கிலோவுக்குக் கீழே என்றால் மட்டும் 8ஐ யோசியுங்கள்.

கோயம்புத்தூர்: வெளிநாட்டு வீடியோல 12 மீட்டர் 13 நாட்ஸ்லயே நல்லா போகுது. நம்ம ஊர்ல அதே கைட், அதே 13 நாட்ஸ், எனக்கு நகரவே இல்ல. அலூலா துணில செஞ்ச கைட் வாங்கினா சரியாகுமா?

வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. 33 டிகிரியில் ஏறத்தாழ 1.15 கிலோதான், அதாவது 6 சதவீதம் குறைவு. நம் கடலில் 12 மீட்டர் கைட் குளிர்நாட்டில் 11.3 மீட்டர் கைட் இழுப்பது போல இழுக்கும். கம்பெனி தரும் காற்று அட்டவணையை நான் ஒரு நாட் கூட்டியே படிப்பேன். அதோடு, வீடியோவில் ஓட்டுபவரின் எடையும் போர்டின் அளவும் நமக்குத் தெரியாது. மெல்லிய காற்றுக்குப் பெரிய போர்டு வாங்குவதுதான் செலவு குறைந்த மருந்து.

அலூலா நல்ல பொருள்தான். கனடாவில் தொடங்கிய துணி, பாலிஎத்திலீன் இழை, வழக்கமான பாலியஸ்டர் துணியான டேக்ரானை விட எடை குறைவு, விறைப்பு அதிகம். மெல்லிய காற்றில் கைட் மிதந்து நிற்பது தெளிவாகத் தெரியும். ஆனால் விலை மிக அதிகம். பவளப்பாறைத் துண்டும் மீன்வலைக் கம்பும் உள்ள கரையில் தினமும் இறங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர்: பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல பார்த்த மாதிரி ஃபாயில் கைட்டையே நேரா வாங்கிடலாமா?

2024இல் மார்சேயில் நடந்த அந்தப் போட்டியில் பறந்தவை காற்றுக் குழாய் இல்லாத, முகப்புத் துளைகள் வழியாகக் காற்று நிறையும் கைட்கள். ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலென்டின் போன்டஸும் பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். மெல்லிய காற்றில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் தண்ணீரில் விழுந்து உள்ளே நீர் புகுந்தால் நீந்தித்தான் கரைக்கு வர வேண்டும். காற்றடைத்த கைட்டில் மூன்று நான்கு சீசன் முடித்த பிறகு பாருங்கள்.

புதுச்சேரி: கைட் ஸ்கூல்ல ஓட்டிப் பார்க்க வெச்சிருந்த கைட்டை சீசன் முடிஞ்சதும் பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கலாமா? ஓட்டிப் பாக்கும்போது கிழிஞ்சா யார் பொறுப்பு?

வாங்கலாம், ஆனால் ஒரு இரவு பொறுங்கள். மாலையில் காற்று நிரப்பி நிழலில் வையுங்கள், காலையில் கைட்டின் முன் ஓரக் குழாயான லீடிங் எட்ஜை விரலால் சுண்டிப் பாருங்கள். தொங்கிப்போயிருந்தால் ஓட்டையோ, வால்வு விட்டுவிட்டதோ இருக்கும். நம் ஊர் வெயிலில் குழாயின் உள்ளே காற்றைப் பிடிக்கும் பையான ப்ளாடரில் வால்வை ஒட்டிய பசைதான் முதலில் இளகும், அதனால் ஒவ்வொரு வால்வின் அடியையும் தடவிப் பாருங்கள். துணியைக் காதருகே கசக்கினால் புதிதில் சரசரக்கும். வெயில் தின்ற துணி பழைய வேட்டி போல மென்மையாக, சத்தமில்லாமல் மடங்கும். லைனைக் கைட்டின் முன் ஓரத்தோடு இணைக்கும் ப்ரைடில் கயிறு கப்பியில் உராயும் இடத்தையும், கைட்டின் பின் ஓரத் தையலையும் விட்டுவிடாதீர்கள். ஆபத்தில் கைட்டின் இழுவையிலிருந்து விடுவிக்கும், பாரின் குயிக் ரிலீஸைக் கரையிலேயே இழுவையோடு மூன்று முறை விடுவித்துப் பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு மாதிரி. அந்த ரிலீஸ் ஐஎஸ்ஓ 21853 பாதுகாப்புத் தரம் பெற்றதா என்றும் கேளுங்கள், அது 2020இல் வந்த தரம்.

கிழிந்தால் யார் பொறுப்பு என்பதைக் கைட்டைக் கையில் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்த கட்டணத்தை வாங்கும் விலையில் கழிப்பார்களா என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். புறப்படும் முன் கைட்டை விரித்து ஏற்கெனவே உள்ள ஒட்டுகளை அவர்கள் கண்முன்னே போனில் படமெடுத்து வையுங்கள். என் மாணவர் ஒருவர் இதைச் செய்யாமல், யாரோ கிழித்த ஓரத்துக்குத் தண்டம் கட்டினார்.