சண்டை போடாம ஒருத்தரோட மத நம்பிக்கைய கேள்வி கேக்குறது எப்படி?

இதுக்குப் பேரு சாக்ரடீஸ் முறை. சிம்பிளா சொன்னா, நம்ம கருத்த திணிக்காம கேள்வியா கேட்டு அவரே தன் நம்பிக்கைய சோதிச்சுப் பாக்க வைக்கிறது. ஏதென்ஸ்ல யூதிஃப்ரோன்னு ஒருத்தர், கடவுள்களுக்குப் பிடிச்சது எதுவோ அதுதான் புனிதம்னு அடிச்சு சொன்னாரு, சாக்ரடீஸ் தப்புன்னு கத்தல, "அவங்களுக்குப் பிடிச்சதால அது புனிதமா, இல்ல புனிதமா இருக்கறதால அவங்களுக்குப் பிடிச்சுதா?"ன்னு கேட்டாரு, மனுஷன் சுத்திச் சுத்தி வந்து கடைசில அவசர வேலை இருக்குன்னு கெளம்பிட்டாரு. அந்தக் கேள்வி 2000 வருஷம் தாண்டி இன்னும் ஓடிட்டிருக்கு.

ஏன் இப்படி சுத்தி வளைக்கணும்னா, நம்பிக்கை வெறும் தகவல் இல்லைங்க, அம்மா சொல்லிக் குடுத்தது, ஆஸ்பத்திரி வராண்டால வேண்டிக்கிட்டது எல்லாம் அதுல ஒட்டியிருக்கு, நீங்க "ஆதாரம் எங்க?"ன்னு பாஞ்சா அவருக்கு அவங்க அம்மாவையே திட்டுன மாதிரி கேக்கும். கால்ல முள்ளு குத்துனா அடுத்தவன் புடுங்க வந்தா நாம கால இழுத்துக்குவோம்ல, அதே நாமளா எடுத்தா எவ்ளோ வலிச்சாலும் பொறுத்துக்குவோம், அந்தக் கதைதான்.

எனக்குப் பிடிச்ச கேள்வி இது: "வேற மதத்துக்காரர் இதே காரணத்த சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?" கேட்டுட்டு வாய மூடிக்கணும், அதான் கஷ்டம். சாவு வீட்ல மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க.

அப்புறம், கேள்வி மட்டும் கேட்டா யாருக்கும் கோவமே வராதுன்னு பலர் நெனைக்கிறாங்க, அது தப்பு, ஊர் சாமிய மதிக்கல, பசங்கள கெடுக்கறான்னு சொல்லி கி.மு. 399ல சாக்ரடீஸுக்கே விஷம் குடுத்துட்டாங்க.