ஒரு டாலர் யாருக்காகப் பேசுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் இறைச்சிக்காக மாடு வளர்க்கும் விவசாயிகள், அரசின் தயவை எதிர்பாராமல் தாங்களே பணம் போட்டுச் சங்கம் நடத்தி, நாடெங்கும் விளம்பரமும் செய்துகொள்கிறார்களாமே! விவசாயிகள் சங்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாங்களே பணம் போடுகிறார்கள் என்பது பாதி உண்மை. ஒரு மாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும் மாட்டிறைச்சி விளம்பரத்துக்கும் ஆய்வுக்குமாக ஒரு டாலர் கட்ட வேண்டும் என்பது 1985-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். 1988-இல் நடந்த வாக்கெடுப்பில் பண்ணையாளர்கள் பெரும்பான்மையாக அதை ஏற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், தனக்கு உடன்பாடில்லாத விளம்பரத்துக்குத் தன் பணம் ஏன் போக வேண்டும் என்று சிலர் வழக்குத் தொடுத்தபோது, அந்த விளம்பரம் அரசின் பேச்சு என்றும், ஆகவே அதற்குப் பணம் வசூலிப்பது கருத்துரிமையைப் பறிப்பதாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. அரசின் தயவை எதிர்பாராத சங்கம் என்கிறீர்கள்!

அந்தப் பணத்தில் நடக்கும் விளம்பர, ஆய்வுப் பணிகளுக்கான ஒப்பந்தங்களில் மிகப் பெரும் பங்கைப் பெறுவது, 1898-இல் டென்வரில் வேர்விட்டு, 1996-இல் இணைப்பின் வழியே இன்றைய வடிவம் பெற்ற தேசிய மாட்டிறைச்சிச் சங்கம். வசூல் பணத்தைக் கொண்டு வாஷிங்டனில் ஆட்சியாளர்களிடம் ஆதரவு திரட்டக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. சங்கம் அதை வேறு நிதியில் செய்கிறது. கணக்குகள் வேறு, கூரை ஒன்று.

அதைவிட முக்கியமானது, அந்தக் கூரையின் கீழ் யார் இருக்கிறார்கள் என்பது. கொழுக்க வைத்து வெட்டுக்கு அனுப்பப்படும் மாடுகளில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு இறைச்சி நிறுவனங்களே வாங்குகின்றன. இறைச்சி நிறுவனங்களுக்கும் சங்கத்தில் இடமுண்டு. மாட்டை விற்பவரும் வாங்குபவரும் ஒரே சங்கத்தில் அமர்ந்தால், விலை பற்றிய பேச்சு வரும்போது அது யாருக்காகப் பேசும்?

இறைச்சி எந்த நாட்டு மாட்டினுடையது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது இந்தப் பிளவு வெளிப்பட்டது. மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரிலிருந்து இயங்கும் ஆர்-காஃப் என்ற பண்ணையாளர் அமைப்பு, உள்நாட்டு மாட்டுக்குத் தனி மதிப்புக் கிடைக்கும் என்று அதை ஆதரித்தது. பெரிய சங்கம் எதிர்த்தது. கனடாவும் மெக்சிகோவும் பதிலடி வரி விதிக்கும் என்ற அதன் அச்சத்தைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. உலக வர்த்தக அமைப்பு அவ்விரு நாடுகளுக்கும் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேலான பதிலடிக்கு அனுமதி அளித்தது. 2015 டிசம்பரில் மாட்டிறைச்சிக்கான அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அந்தக் கட்டாயத்தை ஆதரித்துத் தோற்ற பண்ணையாளரும் மாட்டுக்கு ஒரு டாலர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அதைக் கட்டுவதற்கு அவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டியதுகூட இல்லை.